ஆங்கில உடைமை விகுதி: சொல்லின் ஈற்றிலிருந்து தொடரின் ஈற்றுக்கு

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் தமிழ் மாணவர் முதலில் சந்திக்கும் விகுதிகளுள் ஒன்று, பெயர்ச்சொல்லின் ஈற்றில் வந்து உடைமைப் பொருளை உணர்த்தும் 'ஸ்' ஆகும். 'ராமுவின் புத்தகம்' என்பதற்கு 'ராமுஸ் புக்' என எழுதவும், அந்த 'ஸ்'ஸுக்கு முன் காற்புள்ளியை உயர்த்தி வைத்தாற்போன்ற அபாஸ்ட்ரபி என்னும் குறியை இடவும் அவர் பழகுகிறார். பள்ளி இலக்கணம் இதனைத் தமிழின் ஆறாம் வேற்றுமைக்கு நிகராக வைத்து விளக்குகிறது. உயிருள்ளவற்றின் பெயரோடுதான் இவ்விகுதி வரும், உயிரற்றவற்றிற்கு 'ஆஃப்' என்னும் முன்னிடைச்சொல்லே உரியது என ஒரு விதியையும் அது சேர்த்துத் தருகிறது. அதே மாணவர் ஓர் ஆங்கில நாளிதழைப் புரட்டினால் 'டுடேஸ் வெதர்' (இன்றைய வானிலை), 'தி சிட்டிஸ் ரோட்ஸ்' (நகரின் சாலைகள்), 'எ வீக்ஸ் லீவ்' (ஒரு வார விடுப்பு) முதலிய தொடர்களைப் பக்கந்தோறும் காண்கிறார். நாளும், நகரும், வாரமும் உயிருள்ளவை அல்ல. பிழை விதியினிடத்ததா, வழக்கினிடத்ததா என்னும் ஐயம் அவருக்கு எழுமாயின் அது நியாயமான ஐயமே.

இவ்வையத்திற்கான விடை ஆங்கில மொழியின் வரலாற்றில் உள்ளது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளில் இவ்விகுதி, ஒரு சொல்லின் வேற்றுமை ஈறாக இருந்த நிலையிலிருந்து ஒரு முழுத் தொடரின் இறுதியில் ஒட்டும் உருபாக மாறியது. இம்மாற்றம் பேசுவோர் வாயிலாக, ஓசையின்றி நிகழ்ந்தது. இலக்கணிகள் அதற்கு இட்ட பெயர்களும் அச்சகத்தார் இட்ட குறியும் வழக்கிற்குப் பின்னால் வந்தவை. பல இடங்களில் வழக்கைத் தவறாகப் புரிந்துகொண்டு வந்தவை.

கிழமைப் பெயர்களில் எஞ்சிய பழமை

பழைய ஆங்கிலம் (ஏறத்தாழ 1100 வரை) வேற்றுமை ஈறுகள் நிறைந்த மொழி. ஆறாம் வேற்றுமைக்கு அங்கு ஒரே ஈறு இல்லை. பெயர்ச்சொல்லின் பால், அது சேர்ந்த வகுப்பு, எண் ஆகியவற்றிற்கேற்ப ஈறு வேறுபட்டது. ஆண்பால் பெயர்களுள் பெரும்பகுதியும் அஃறிணைப்பால் பெயர்கள் பலவும் ஒருமையில் '-எஸ்' ஈறு பெற்றன. பெண்பால் பெயர்களுள் ஒரு வகுப்பு '-எ' ஈறு பெற்றது. மெலி வகுப்பு எனப்படும் மற்றொரு தொகுதி '-அன்' ஈறு பெற்றது. தந்தை, தாய், உடன்பிறந்தார் ஆகியோரைக் குறிக்கும் முறைப்பெயர்கள் ஈறு ஏதுமின்றியே ஆறாம் வேற்றுமைப் பொருளில் வரவும் இயன்றது.

இந்நிலையை அறியப் பழஞ்சுவடிகளைத் தேட வேண்டுவதில்லை. இன்றைய ஆங்கிலக் கிழமைப் பெயர்களே போதுமான சான்று. செவ்வாய், புதன், வியாழன் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களான 'ட்யூஸ்டே', 'வெட்னஸ்டே', 'தர்ஸ்டே' மூன்றிலும் நடுவே 'ஸ்' ஒலி உள்ளது. ஞாயிறு, திங்கள், வெள்ளி ஆகியவற்றின் பெயர்களான 'சன்டே', 'மன்டே', 'ஃப்ரைடே' மூன்றிலும் அது இல்லை. இவ்வேறுபாடு தற்செயலானதன்று. டீவ், வோடன், துனோர் என்னும் மூவரும் ஆண் தெய்வங்கள். அவர்தம் பெயர்கள் '-எஸ்' ஈறு பெறும் வகுப்பைச் சார்ந்தவை. எனவே 'டீவின் நாள்', 'வோடனின் நாள்', 'துனோரின் நாள்' எனப் பொருள்படும் தொகைகளில் அந்த 'ஸ்' நின்றுவிட்டது. (வியாழனின் பெயரில் வடநாட்டு நார்ஸ் மொழியின் செல்வாக்கும் உண்டு, அங்கும் ஆறாம் வேற்றுமை ஈறு 'ஸ்' என்பதே.) ஃப்ரீக் பெண் தெய்வம், அவள் பெயர் '-எ' ஈறு பெற்றது. பழைய ஆங்கிலத்தில் கதிரவனைக் குறிக்கும் சொல் பெண்பால், நிலவைக் குறிக்கும் சொல் ஆண்பால். இரண்டும் மெலி வகுப்பின ஆதலின் '-அன்' ஈறு பெற்றன. '-எ', '-அன்' என்னும் ஈறுகள் நாளடைவில் தேய்ந்து மறைந்தன. 'ஸ்' மட்டும் மறையாது நின்றது. ஒரு வாரத்தின் ஆறு நாட்களைச் சொல்லும்போது ஆங்கிலேயர் தம் மொழியின் இழந்த வேற்றுமை வாய்பாட்டையே தம்மை அறியாமல் ஒப்பிக்கின்றனர் எனலாம்.

இத்தகைய எச்சங்கள் வேறு சிலவும் உள. மார்ச் 25ஆம் நாளுக்குரிய கிறித்தவத் திருநாள் 'லேடி டே' எனப்படுகிறது; அன்னை மரியாளின் நாள் என்பது பொருள். 'லேடி' என்பதன் பழைய வடிவம் மெலி வகுப்புப் பெண்பாற்பெயர். ஆதலின் அங்கு 'ஸ்' தோன்றவில்லை. மறுதலையாக, 'ஒன்ஸ்' (ஒருமுறை), 'ட்வைஸ்' (இருமுறை), 'ஆல்வேஸ்' (எப்போதும்) ஆகிய வினையடைகளின் ஈற்றில் கேட்கும் 'ஸ்' பழைய ஆறாம் வேற்றுமை ஈறே. அங்கு உடைமைப் பொருள் சிறிதும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அவ்வேற்றுமை காலம், அளவு, தொகுதியின் பகுதி எனப் பல பொருள்களில் வந்தது. சில வினைகளும் சில முன்னிடைச்சொற்களுங்கூட அதனை வேண்டி நின்றன. உடைமை அப்பொருள்களுள் ஒன்று மட்டுமே.

ஈறுகளின் சிதைவும் 'ஆஃப்' பெற்ற ஏற்றமும்

11ஆம் நூற்றாண்டு தொடங்கி அழுத்தம் பெறாத ஈற்றசைகளின் உயிரொலிகள் மழுங்கலாயின. பால் பாகுபாடும் சிதைந்தது. பல ஈறுகள் ஒன்றாய்க் கலந்த அந்நிலையில், ஒலிப்பில் தெளிவாக நின்ற '-எஸ்' ஈறு எல்லா வகுப்புப் பெயர்களுக்கும் பரவியது. இப்பரவல் வடபகுதியில் முந்தியும் தென்பகுதியில் பிந்தியும் நிகழ்ந்தது. ஆண்பாற் பெயர்களின் பன்மை ஈறான '-அஸ்' என்பதும் மழுங்கி '-எஸ்' ஆயிற்று. அதுவே பொதுப் பன்மை ஈறாகவும் பரவியது. விளைவு, ஒருமை உடைமையும் பன்மையும் பன்மை உடைமையும் ஒலிப்பில் ஒன்றாயின. 'சிறுவனின்', 'சிறுவர்கள்', 'சிறுவர்களின்' ஆகிய மூன்றற்கும் ஆங்கிலத்தில் இன்றும் 'பாய்ஸ்' என்னும் ஒரே ஒலிவடிவம்தான். எழுத்தில் காணும் மூவகை வேறுபாடு கண்ணுக்கு மட்டும் உரியது.

இதே காலத்தில் 'ஆஃப்' என்னும் முன்னிடைச்சொல் உடைமைப் பொருளில் விரைந்து பெருகியது. 'இலிருந்து' என நீக்கப் பொருளில் வந்த இச்சொல் 10ஆம் நூற்றாண்டில் ஆறாம் வேற்றுமைக்கு மாற்றாக வந்தது மிக அரிது. ரஸ்ஸல் தாமஸ் 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டின் கணக்குப்படி, இரு பெயர்களை இணைக்கும் இடங்களுள் 13ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 31 விழுக்காட்டில் 'ஆஃப்' வந்தது; 14ஆம் நூற்றாண்டில் இது ஏறத்தாழ 84 விழுக்காடாயிற்று. பிரெஞ்சு மொழியின் 'த' என்னும் முன்னிடைச்சொல் இதற்குத் துணைசெய்திருக்கலாம் என்பர். 1066க்குப் பின் இங்கிலாந்தில் பிரெஞ்சு பெற்ற இடத்தை நோக்க அது மறுக்கத்தக்கதன்று. ஆயினும் ஈறுகள் மழுங்கிய மொழிக்கு ஒரு மாற்று வழி தேவைப்பட்டது என்பதே அடிப்படைக் காரணம். அந்நூற்றாண்டின் நிலையை மட்டும் கண்ட ஒருவர், 'ஸ்' விகுதி விரைவில் வழக்கொழியும் என்றே கணித்திருப்பார். அது ஒழியவில்லை.

'அவனுடைய' என்னும் மயக்கம்

'ஸ்' விகுதியின் வரலாற்றில் சுவையான பகுதி இதற்குப்பின் வருகிறது. '-எஸ்' ஈறு '-இஸ்' எனவும் ஒலிக்கப்பட்டது, எழுதவும் பட்டது. 'அவனுடைய' என்னும் பொருள்படும் 'ஹிஸ்' என்ற சொல் அழுத்தமின்றி வருமிடத்து ஹகரம் கெட்டு 'இஸ்' என்றே ஒலித்தது. ஆகவே ஈற்றைத் தனிச்சொல்லாகப் பிரித்து 'ஹிஸ்' என எழுதும் வழக்கம் தோன்றியது. 'அரசனின் மகன்' என்பது 'அரசன் அவனுடைய மகன்' என்ற வடிவில் எழுதப்பட்டது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இது பெருவழக்காயிற்று. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டு நூலிலும் இவ்வடிவம் இடம்பெற்றுள்ளது. பென் ஜான்சனின் நாடகமொன்று 1605இல் 'செஜேனஸ் ஹிஸ் ஃபால்' (செஜேனஸின் வீழ்ச்சி) என்ற தலைப்புடன் அச்சேறியது. அதே பென் ஜான்சன் எழுதி, அவர் மறைவுக்குப்பின் 1640இல் வெளிவந்த ஆங்கில இலக்கணம், 'ஹிஸ்' இட்டு எழுதும் முறையை ஒவ்வாத தொடரமைப்பு எனக் கண்டிக்கிறது. இலக்கணியாக அவர் விலக்கியதை நாடக ஆசிரியராக அவரே வழங்கினார் என்பது அக்கால வழக்கின் வலிமையைக் காட்டும்.

'ஹிஸ்' வடிவம் விகுதியின் மாற்றத்திற்குக் காரணமா, அன்றி வெறும் எழுத்துமுறை விளைவா என்பது அண்மைக்கால மொழியியலாரிடையே விவாதப் பொருளாயிற்று. ஈறானது இச்சொல்லாக மறுபகுப்புப் பெற்றதே அது தனியுருபாக விடுபடக் காரணம் என ரிச்சர்ட் ஜாண்டா 1980இல் வாதிட்டார். சிந்தியா ஆலன் 1997இல் இதனை மறுத்தார். இடைக்கால ஆங்கில ஏடுகளில் பெண்பாற் பெயருக்குப் பின்னும் 'ஹிஸ்' வருகிறது. மக்கள் அதனை உண்மையான பதிலிப்பெயராகக் கருதியிருப்பின் அங்கு 'அவளுடைய' எனப் பொருள்படும் 'ஹர்' வந்திருக்க வேண்டும். 'ஹர்', 'தேர்' என்பன இவ்விடத்தில் பெருகுவது 16ஆம் நூற்றாண்டில்தான். அதாவது, முதலில் அது ஈற்றை எழுதும் ஒரு முறை. பின்னரே மக்கள் அதனைச் சொல்லென நம்பினர். சான்றுகள் ஆலன் பக்கமே மிகுதியாகச் சாய்கின்றன.

அபாஸ்ட்ரபியின் கதை இம்மயக்கத்தோடு பிணைந்தது. பிரெஞ்சு அச்சுமுறையிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்த இக்குறி, ஓர் எழுத்து கெட்டது என்பதைக் காட்டுவதற்கு மட்டுமே முதலில் பயன்பட்டது. உடைமை விகுதிக்கு முன் அதனை இடும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டில் பரவி, அந்நூற்றாண்டின் இறுதியில் ஒருமைப் பெயர்களுக்கு ஏறக்குறைய உறுதியாயிற்று. கெட்ட எழுத்து எது? '-எஸ்' ஈற்றின் எகரம் என்பது வரலாற்று விடை. 'ஹிஸ்' என்பதன் முற்பகுதி என்பது அக்காலத்தார் பலர் நம்பிய விடை. கணிதவியலாராகவும் விளங்கிய ஜான் வாலிஸ் 1653இல் இலத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் இந்நம்பிக்கையை மறுத்து, உடைமை வடிவத்தைப் பெயரடையாகவே கொண்டார். ஆயினும் ஜோசப் அடிசன் 1711இல் 'ஸ்பெக்டேட்டர்' இதழில், இந்த ஓரெழுத்து முன்னோர் வழங்கிய 'ஹிஸ்', 'ஹர்' இரண்டின் வேலையையும் செய்வதாக எழுதினார். சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் அகராதிக்கு முகப்பாக அமைத்த இலக்கணத்தில் இதற்கு முடிவு கட்டினார்: இவ்விகுதி பெண்ணைக் குறிக்கும் சொற்களோடும் வருகிறது, அங்கு 'அவனுடைய' என்பது எவ்வாறு பொருந்தும்? விளக்கம் வீழ்ந்தது. குறி மட்டும் நிலைத்தது.

பன்மைப் பெயருக்குப் பின் அபாஸ்ட்ரபி இடும் முறை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நிலைபெற்றது. அதற்கு முன் உயிரீற்று அயற்சொற்களின் சாதாரணப் பன்மைக்கும் அதனை இடுவது பிழையாகக் கருதப்படவில்லை. இன்று அங்காடிப் பலகைகளில் பன்மைக்கு அபாஸ்ட்ரபி இடுவோரைக் கண்டு நகைப்பவர்கள் இதனை அறிவதில்லை. 'இட்ஸ்' என்னும் சொல்லின் நிலை இன்னும் விந்தையானது. அஃறிணைப் பதிலிப்பெயருக்குப் பழைய உடைமை வடிவமும் 'ஹிஸ்' என்பதே. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் 'இட்ஸ்' அச்சில் தோன்றுகிறது. 1611ஆம் ஆண்டின் விவிலிய மொழிபெயர்ப்பில் அச்சொல் இடம்பெறவேயில்லை. தோன்றிய பின்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, உடைமைப் பொருளில் அதனை அபாஸ்ட்ரபியுடன் எழுதுவது கற்றோர் வழக்கு. இன்று தேர்வுத்தாளில் அவ்வாறு எழுதும் மாணவருக்கு மதிப்பெண் குறைகிறது. எழுத்துமரபு என்ற முறையில் அவ்விதியைக் கற்பிப்பதில் தவறில்லை. மொழியறிவின் அளவுகோலாக அதனைக் கொள்வதுதான் மிகை.

அமெரிக்க அரசின் இடப்பெயர் வாரியம் இக்குறியை ஒருவாறு ஒதுக்கியே வைத்துள்ளது. 1890இல் நிறுவப்பட்ட அவ்வாரியம் இடப்பெயர்களில் உடைமை அபாஸ்ட்ரபியை ஏற்பதில்லை. விதிவிலக்கு பெற்ற பெயர்கள் மிகச் சில. 1933இல் இசைவு பெற்ற 'மார்த்தாஸ் வின்யார்ட்' அவற்றுள் முதலாவது. குறி நீங்கியதால் அந்நாட்டில் எவரும் வழிதவறியதாகத் தெரியவில்லை.

தொடரைத் தழுவும் உருபு

எழுத்தில் இவ்வாறு குழப்பம் நிலவ, பேச்சில் அடிப்படையான மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. அதனை விளங்கிக்கொள்ளத் தமிழோடு ஒப்பிடுதல் உதவும். தமிழில் அடை முன்னும் பெயர் பின்னும் வரும். 'இங்கிலாந்து நாட்டு அரசனின் மகள்' என்னுமிடத்து உருபேற்கும் 'அரசன்' என்ற சொல்லே தொடரின் இறுதிச் சொல்லுமாகும். சொல்லுக்கு உருபு சேர்த்தாலும் தொடருக்கு உருபு சேர்த்தாலும் அது ஒரே இடத்தில்தான் அமையும். ஆங்கிலத்திலோ 'கிங் ஆஃப் இங்கிலாந்து' எனத் தலைமைப் பெயர் முன்னும் அடை பின்னும் வருகின்றன. விகுதியை எங்கு இடுவது என்னும் சிக்கல் அங்குதான் பிறக்கிறது.

பழைய விடை, தலைமைப் பெயரோடு சேர்ப்பது. 'தி கிங்ஸ் டாட்டர் ஆஃப் இங்கிலாந்து' என்ற வகையில் விகுதி 'கிங்' என்பதோடு ஒட்டியது. 'ஆஃப் இங்கிலாந்து' என்னும் அடை பிரிந்து இறுதிக்குப் போயிற்று. வேற்றுமை ஈறு சொல்லுக்கு உரியது என்ற பழைய அமைப்பிற்கு இதுவே இயல்பு. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மற்றொரு அமைப்பு தலைகாட்டுகிறது: 'தி கிங் ஆஃப் இங்கிலாந்த்ஸ் டாட்டர்'. இங்கு விகுதி ஒட்டியிருப்பது இங்கிலாந்தோடு. மகளோ அரசனுக்கு உரியவள். விகுதி தழுவுவது 'கிங் ஆஃப் இங்கிலாந்து' என்னும் முழுத்தொடரை. ஈராண்டு நூற்றாண்டுகளில் புதிய அமைப்பு பழையதை அறவே நீக்கியது. சாசரின் கதைகளுள் ஒன்று இன்று 'ஒய்ஃப் ஆஃப் பாத்ஸ் டேல்' என வழங்குவதும் இவ்வமைப்பின்படியே. கதை பாத் நகரத்ததன்று, அந்நகரப் பெண்மணியினது.

டென்மார்க் நாட்டு அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் இதனைத் தொடர் உடைமை என இனங்கண்டு 1890களில் விரிவாக ஆராய்ந்தார். அவர் தாய்மொழியான டேனிஷிலும் இதே வளர்ச்சி உண்டு என்பது அவர் பார்வையைக் கூர்மையாக்கியிருக்கலாம். அன்றாடப் பேச்சில் ஆங்கிலேயர் இன்னும் தொலைவு செல்கின்றனர். 'நேற்று நான் சந்தித்த மனிதரின் தொப்பி' என்னும் பொருளில், 'மனிதர்' என்பதை முதலில் சொல்லி, 'நான் நேற்று சந்தித்த' என்பதைப் பின்னர்ச் சேர்த்து, 'யெஸ்டர்டே' என்னும் வினையடையின் மேல் விகுதியை ஏற்றிவிடுகின்றனர். எழுத்தில் இதனைத் தவிர்ப்பர். பேச்சில் கேட்போர் எவரும் தடுமாறுவதில்லை.

அவ்வாறாயின் இது விகுதியா, தனிநிலை குன்றிய ஒட்டுச்சொல்லா? குவெர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகியோரின் 1985ஆம் ஆண்டுப் பேரிலக்கணம் இதனைத் தொடரின் பின் ஒட்டும் உருபாகக் கொள்வதே பொருந்தும் என்றது. ஹடில்ஸ்டன், புல்லம் ஆகியோரின் 2002ஆம் ஆண்டுக் கேம்பிரிட்ஜ் இலக்கணம் இதனை இன்னும் சொல்திரிபாகவே கொள்கிறது. பின்னவர்க்கு ஆதரவான சான்று ஒன்று உண்டு. 'ஸ்' ஈற்றுப் பன்மைக்குப் பின் இரண்டாவது 'ஸ்' வருவதில்லை. 'பாய்ஸ்' என்பது 'பாய்ஸஸ்' ஆவதில்லை. தொடருக்குப் பின் தனியே வந்து ஒட்டும் சொல்லாயின், முன்னுள்ள சொல்லின் உள்ளமைப்பு அதற்கு எவ்வாறு தெரியும்? ஆர்னால்ட் ஸ்விக்கி 1987இல் இச்சிக்கலை முன்வைத்தார். சொல்லுருபு தேய்ந்து மறைவதே மொழிகளின் பொதுப்போக்கு. இவ்விகுதியோ எதிர்த்திசையில் விடுதலை பெற்றது. மாற்றத்தின் திசையைப் பற்றிய கோட்பாடுகளில் இது இன்றளவும் ஒரு முள்ளாகவே உள்ளது.

பெயரால் வந்த பிழை

தொடக்கத்தில் குறித்த பள்ளி விதிக்கு மீள்வோம். ராபர்ட் லௌத் 1762இல் வெளியிட்ட சிற்றிலக்கணம், இலத்தீன் வழிவந்த பழைய பெயரைவிட 'உடைமை வேற்றுமை' என்ற பெயரே ஆங்கிலத்திற்குத் தக்கது என்றது. பெயர் எளிமையாக இருந்தமையால் பள்ளிகளில் வேரூன்றியது. அடுத்து வந்தோர் பெயரைக் கொண்டே பொருளை வரையறுத்தனர்: உடைமை என்றால் உடையவர் வேண்டும், உயிரற்றது எதையும் உடைத்தாக இயலாது, ஆகவே உயிரற்றவற்றிற்கு 'ஸ்' ஆகாது. காலப்பெயர்கள் பழைய ஆங்கிலம் முதலே ஆறாம் வேற்றுமை ஏற்று வந்துள்ளன என்பது இவ்வாதத்தில் மறக்கப்பட்டது. சார்லஸ் ஃப்ரீஸ் 1940இல் அமெரிக்கப் பொதுமக்களின் கடிதங்களை ஆராய்ந்து வெளியிட்ட இலக்கணம், இவ்விகுதி உண்மையான உடைமைப் பொருளில் வருவது பாதிக்கும் குறைவான இடங்களிலேயே எனக் காட்டியது. 'தி டாக்டர்ஸ் அரைவல்' என்பதில் மருத்துவர் வருகையின் எழுவாய். 'தி சிட்டிஸ் டிஸ்ட்ரக்ஷன்' என்பதில் நகரம் அழிவின் செயப்படுபொருள். 'சில்ட்ரன்ஸ் க்ளோத்ஸ்' என்பது குழந்தைகளுக்கென அமைந்த உடை, எந்தக் குழந்தையும் இன்னும் வாங்காததாகவும் இருக்கலாம்.

தமிழ் இலக்கண மரபு இவ்விடத்தில் நல்ல கருவியைத் தருகிறது. தொல்காப்பியமும் நன்னூலும் ஆறாம் வேற்றுமைக்கு உடைமையைப் பொருளாகக் கூறவில்லை, கிழமையைக் கூறின. பிரிக்க இயலாத பண்பு, உறுப்பு முதலியன தற்கிழமை. பிரிக்கத்தக்க பொருள், இடம் போன்றன பிறிதின்கிழமை. உரியவர் உயிருடையவரா என்ற வினா அங்கு எழுவதேயில்லை. 'பலகையது உறுப்பு' என்று சொல்லப் பழகிய மாணவரிடம் 'உயிரற்றது உடைமை கொள்ளாது' என்று கற்பிப்பது, அவரிடம் ஏற்கெனவே உள்ள அறிவை அழித்துப் பிழையை எழுதுவதாகும்.

விதியில் ஓரளவு உண்மை உண்டு என்பதும் சொல்லப்பட வேண்டும். ஆனால் அது விதியன்று, போக்கு. அனெட் ரோசன்பாக் 2002இல் வெளியிட்ட ஆய்வு, 'ஸ்', 'ஆஃப்' என்னும் இரண்டனுள் ஒன்றைப் பேசுவோர் தெரிந்துகொள்வதில் மூன்று காரணிகளைப் பிரித்துக் காட்டியது: உரியவர் உயிருடையவரா, முன்னரே பேச்சில் இடம்பெற்றவரா, உறவு உறுப்பு அல்லது முறை போன்ற நெருக்கம் உடையதா என்பன அவை. உயிருடைமை இவற்றுள் வலியது, எனினும் தனியதன்று. தொடரின் நீளமும் இதில் பங்கு பெறுகிறது. சுருக்கம் வேண்டும் நாளிதழ் நடையில் 1960களுக்கும் 1990களுக்கும் இடையே 'ஸ்' கணிசமாகப் பெருகியிருப்பதை ஹின்ரிக்ஸ், ஸ்மிரெக்சானி ஆகியோர் 2007இல் காட்டினர். மாணவர் நாளிதழில் கண்ட 'தி சிட்டிஸ் ரோட்ஸ்' இப்பெருக்கத்தின் பகுதியே. அதனைத் தம் கட்டுரையில் அவர் எழுதும்போது சிவப்பு மையால் அடிப்பதற்கு வரலாற்றிலும் இடமில்லை, இன்றைய வழக்கிலும் இடமில்லை.